18 நிமிடம் மிச்சம் என்று காட்டிய வழி

போன மார்கழியில் முள்ளியவளையில் என் பெரியம்மா தவறிப்போனார். நான் இருப்பது வவுனியாவில். ஏ9 பெருவீதி வழியாக மாங்குளம், அங்கிருந்து ஒட்டுசுட்டான், பிறகு முள்ளியவளை. கார் என்றால் இரண்டு மணித்தியாலம் போதும். ஆனாலும் சவம் எடுத்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் கழித்துத்தான் நான் அந்த வீட்டுப் படலைக்குள் காலை வைத்தேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டில் வைத்து முகம் பார்த்தால்தான் உண்டு. எனக்கு அது இல்லாமல் போய்விட்டது. காரில் இருந்த வழிகாட்டித் திரையை நம்பிக் காட்டுப்பாதை ஒன்றில் இறங்கியதுதான் காரணம். இதை எழுத நீண்ட நாள் மனம் வரவில்லை. வன்னியில் தனியாகக் கார் ஓடுகிற இன்னொருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிழை அங்கேயே தொடங்கிவிட்டது. ஜப்பானில் ஓடி இங்கே இறக்குமதியான கார், அதை நான் ஒருவர் பாவித்த பிறகு வாங்கினேன். நடுவில் பெரிய திரை, எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. "இதிலை வழி காட்டுற வசதியும் இருக்கு" என்று சொல்லித்தான் விற்றார்கள். இருந்தது உண்மைதான், ஆனால் உள்ளே இருந்தது ஜப்பான் நாட்டு வரைபடம். கார் வவுனியாவில் நிற்க, திரையில் ஒரு வீதிகூட இல்லாத வெறும் பரப்பு தெரியும். வானொலியும் அப்படித்தான், ஜப்பானின் அலைவரிசைக்குச் செய்தது என்பதால் நம்முடைய எஃப்எம் நிலையங்களில் பாதிக்கு மேல் பிடிக்காது. பிறகு ஒருநாள் பற்றரி மாற்றினேன். உடனே திரை பூட்டிக்கொண்டு ஏதோ குறியீட்டு எண் கேட்டது. பற்றரி கழற்றினால் இந்த ஜப்பான் செட்டுகள் பல இப்படித்தான் பூட்டிக்கொள்ளும் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வாங்கும்போதே அந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே செருகியிருக்கும் நினைவக அட்டையையும் கழற்ற விடாதீர்கள். "நவி இருக்கு" என்பதற்காக மட்டும் ஒரு ரூபாயும் கூடக் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பதிலாக 48,000 ரூபாய் கொடுத்து ஒரு அன்ட்ரொயிட் செட் பூட்டினேன். என் போனின் இணையத்தில் அது ஓடும். பூட்டியவர்கள் செய்மதி அலையை வாங்கும் அன்ரெனாவை, தீப்பெட்டியளவு கறுப்புச் சதுரம், செட்டுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்துக்குள்ளேயே ஒட்டிவிட்டார்கள். வயர் வெளியே தெரியாமல் வடிவாக இருந்தது. நானும் பாராட்டிவிட்டுக் காசைக் கொடுத்தேன். அந்தச் சதுரம் வானத்தைப் பார்க்கவேண்டிய சாமான். செய்மதிகள் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் இருந்து அனுப்பும் அலை நம்மிடம் வந்து சேரும்போது மிகவும் மெலிந்துபோய் இருக்கும். இரும்பு அதை மறைக்கும், உலோகப் பூச்சுள்ள கறுப்புத் தாளைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அதுவும் மறைக்கும். நகரத்துக்குள் ஓடும்போது வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் பூட்டுவதாக இருந்தால் முன்கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டின் மேல், முகம் மேலே பார்க்க வைக்கச் சொல்லுங்கள். வயர் கொஞ்சம் தெரிந்தால் தெரியட்டும்.

அன்று காலை ஒன்பதரைக்குச் செய்தி வந்தது. மூன்று மணிக்கு எடுக்கப்போகிறார்கள் என்றார்கள். மாதக் கடைசி, அலுவலகத்தில் எனக்குப் பதிலாக ஒருவர் வரும்வரை எழும்ப முடியவில்லை. மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட 12.15 ஆகிவிட்டது. நேரம் போதும். ஆனால் அழுதுகொண்டு ஓடுகிற மனதுக்குப் போதும் என்று படவில்லை. ஓமந்தை, புளியங்குளம் தாண்டி, கனகராயன்குளத்துக்குக் கிட்டப் போகும்போது திரையில் வேறொரு கோடு வந்து, வலப்பக்கம் திரும்பினால் 18 நிமிடம் மிச்சம் என்று காட்டியது. மூன்று நாளாகப் பெய்த மழை காலையில்தான் விட்டிருந்தது. வெயில்கூட எறித்தது. திரும்பிவிட்டேன்.

அந்த 18 நிமிடம் எங்கேயிருந்து வந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். பெரிய வீதிகளில் ஓடுகிற ஆயிரக்கணக்கான போன்களில் இருந்து உண்மையான வேகம் கிடைக்கும், அதனால் ஏ9இல் காட்டுகிற நேரம் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆட்கள் போகாத கிரவல் பாதைக்கு அந்தத் தகவல் இருக்காது. கோட்டின் நீளத்தை எடுத்து, இந்த வகை வீதிக்கு இவ்வளவு வேகம் என்று ஒரு கணக்கைப் போட்டுவிடும். கோடும் பெரும்பாலும் மேலேயிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கீறினதுதான். கோடையில் எடுத்த படத்தில் விறகு ஏற்றும் தடம், மாட்டு வண்டிப் பாதை, போர்க்காலத்தில் வாகனங்கள் ஓடி உண்டான தடம், குளக்கட்டு எல்லாமே வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். மாரியில் அதே கோடு தண்ணீருக்குக் கீழே கிடப்பது படத்துக்குத் தெரியாது. ஆகவே வன்னியில் பெரிய வீதியை விட்டு இறங்கச் சொல்லிக் காட்டுகிற நேர மிச்சத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். புறப்பட முதலே மாங்குளத்தையும் ஒட்டுசுட்டானையும் இடையில் நிற்கும் இடங்களாகச் சேர்த்துவிட்டால் அது உங்களைப் பெரும்பாலும் வேறு வழிக்கு இழுக்காது. இதைச் செய்ய இருபது செக்கன் போதும்.

முதல் மூன்று நான்கு கிலோமீற்றர் நல்ல கிரவல். வீடுகள், ஒரு முன்பள்ளி, தோட்டத்தில் வெங்காயம். வீடுகள் முடிகிற இடத்தில் சைக்கிளில் வந்த ஒரு ஐயா இறங்கி நின்று கையை ஆட்டினார். நானும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டேன். கண்ணாடியை இறக்கவில்லை. எத்தனையோ இரவு அந்தக் கையை நினைத்துப் படுத்திருக்கிறேன். அவர் வணக்கம் சொல்லவில்லை, போகாதே என்று மறித்திருக்கிறார்.

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பாலை மரமும் வீரை மரமுமாகக் காடு. சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்து இல்லாமல் போனது. திரையில் வரைபடம் மறைந்து சாம்பல் கட்டங்களும் நடுவில் நீல அம்பும் மட்டும் மிஞ்சின. நான் அப்போது நினைத்தது, ஜிபிஎஸ் போய்விட்டது என்று. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். செய்மதி வேறு, இணையம் வேறு. ஒவ்வொரு செய்மதியும் தான் இருக்கிற இடத்தையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த அலை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் போன் தூரத்தைக் கணிக்கும். இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று, போனின் மணிக்கூட்டைச் சரிபார்க்க இன்னொன்று, குறைந்தது நான்கு செய்மதி வேண்டும். இப்போதைய போன்கள் அமெரிக்காவின் ஜிபிஎஸ் மட்டுமல்லாமல் ரஷ்யா, ஐரோப்பா, சீனா விட்ட செய்மதிகளையும் சேர்த்துக் கேட்கும். இதற்கு டேட்டா வேண்டாம், சிம்கூட வேண்டாம். காசும் இல்லை. டேட்டா வேண்டியது வரைபடத்தைக் கொண்டுவரத்தான். வீட்டில் இருக்கும்போதே வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் நான்கு மாவட்டத்தின் படத்தையும் போனுக்குள் இறக்கி வைத்திருந்தால் அந்தச் சாம்பல் கட்டங்கள் வந்திருக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் ஓடுகிற செயலிகள் இணையமே இல்லாமல் வழியும் சொல்லும், தடங்களையும் நல்ல வீதிகளையும் வேறுவேறு கோட்டில் காட்டும். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும்: இணையம் இல்லாத இடத்தில் போனைப் புதிதாகத் திறந்தால் செய்மதிகளைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கும், சிலவேளை பல நிமிடம். பதறாமல் வெளியாக உள்ள இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

கொஞ்சத் தூரத்தில் திரும்பவும் ஒரு கோடு சிக்னல் வந்து படம் பாதி தெரிந்தது. பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் முப்பது நாற்பது மீற்றர் இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்தபடி போயின. அம்பு இடப்பக்கத்துப் பாதையில் இருந்தது, நானும் அதில் போனேன். உண்மையில் நான் போயிருக்கவேண்டியது வலப்பக்கம். வழிகாட்டிச் செயலிகள் நம்மைப் பக்கத்தில் இருக்கும் கோட்டோடு ஒட்டவைத்துத்தான் காட்டும். வானம் வெளித்த இடத்தில் நல்ல போன் ஐந்து மீற்றர் அளவுக்குள் சரியாகச் சொல்லும். நனைந்த மரங்களுக்குக் கீழே, இரும்புக்குள் ஒளித்த அன்ரெனாவோடு, அது எவ்வளவு விலகியது என்று யாருக்குத் தெரியும்? விலகினாலும் அம்பு ஒரு பாதையின் நடுவில்தான் வடிவாக நிற்கும், சந்தேகமே வராது. இப்போது நான் சந்தி வந்தால் வழிகாட்டலை நிறுத்திவிட்டு வெறும் படத்தைப் பார்க்கிறேன். அதில் நீலப் புள்ளியைச் சுற்றி மெல்லிய வட்டம் தெரியும். வட்டம் பெரிதாக இருந்தால் புள்ளியை நம்பக்கூடாது.

இடப்பக்கத்துப் பாதை ஒரு பழைய குளத்துக்குக் கீழே இறங்கித் தாம்போதி ஒன்றில், அதாவது வெள்ளம் மேலால் ஓடத் தாழ்வாகக் கட்டிய பாதையில், முடிந்தது. மழை விட்டு அரை நாள் ஆகியும் தண்ணீர் தாம்போதிக்கு மேலால் செம்மண் நிறத்தில் ஓடியது. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும், எனக்கு மறந்துபோயிருந்தது. மழை பெய்யும்போது குளம் நிரம்பும், மழை விட்ட பிறகும் மிஞ்சிய தண்ணீர் வான் பாயும், அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகிற வழியில்தான் இந்தத் தாம்போதிகள் எல்லாம் இருக்கின்றன. வெயில் எறிக்கிறது என்பதை வைத்துப் பாதையைக் கணிக்கவே கூடாது. கடக்க எனக்குத் துணிவு வரவில்லை, அதற்காக இன்றும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். காரைத் திருப்பப் பார்த்தேன். பின்சில்லு கரையில் வழுக்கி இறங்க, முன்பக்கம் ஒரு கல்லில் குந்திக்கொண்டது. கீழே ஏதோ வெடித்த சத்தம். இறங்கிப் பார்த்தால் எண்ணெய் ஒழுகுகிறது. நேரம் 2.10.

சுற்றிப் போக வழி இருக்கிறதா என்று பார்க்கப் பாதையை விட்டுக் காட்டுக்குள் பத்துப் பதினைந்து அடி நடந்திருப்பேன். முன்னால் மரத்தோடு சாய்ந்தபடி ஒரு சிவப்புப் பலகை, நிறம் மங்கி, மண்டையோடு மட்டும் தெரிந்தது. மிதிவெடிப் பலகை. பழசா, துப்புரவாக்கிய பிறகு எடுக்காமல் விட்டதா, எனக்கு எப்படித் தெரியும்? கால் இரண்டும் விறைத்துப்போய்விட்டன. சேற்றில் பதிந்திருந்த என் காலடிகளைப் பார்த்துப் பார்த்து, அதே குழிகளில் கால் வைத்துத் திரும்பி வந்தேன். பள்ளிக்கூடத்தில் மிதிவெடி விழிப்புணர்வுக்கு வந்தவர்கள் சொல்லித் தந்தது அது ஒன்றுதான் அன்று தலைக்குள் இருந்தது. வண்டித் தடத்தை விட்டு இறங்காதீர்கள், ஒதுங்குவதற்காகக்கூட. 2009இல் பெரியம்மா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்த மாவட்டத்தின் காடும் வெளியும் கடந்தவர். எந்தக் குளம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் அவருக்கு வழிகாட்டி. அவருடைய செத்தவீட்டுக்குப் போகிற நான், கையில் இரண்டு திரையோடு, இருபது அடிக்கு அங்கால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் காருக்குள் இருந்து அழுதேன்.

சிக்னல் வந்து வந்து போனது. கதைக்க முடியவில்லை, குறுஞ்செய்தி மட்டும் போனது. பெரியம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறை, "அக்கா எங்கை நிக்கிறியள்? எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்" என்று அனுப்பினான். நான் என்ன சொல்வது? காடு, குளம், தாம்போதி. வன்னி முழுக்க அதுதானே. மூன்று மணிக்கு அவன் கேட்டான், "எடுக்கட்டோ அக்கா? ஐயர் அவசரப்படுத்துறார்." எடுங்கோ என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லை அனுப்ப ஐந்து தடவை முயலவேண்டியிருந்தது.

சுடலைக்குப் போய்வந்த பிறகு அவனுடைய மூத்த மகன், உயர்தரம் படிக்கிற பிள்ளை, எனக்குச் செய்தி போட்டான். போனின் திசைகாட்டியைத் திறவுங்கோ, அல்லது படத்தில் நீலப் புள்ளியை அமத்திப் பிடியுங்கோ, இரண்டு எண் வரும், அதை அப்படியே அனுப்புங்கோ என்று. கார்த் திரை ஒரு எண்ணைக் காட்டியது, கையில் இருந்த போன் வேறொன்றைக் காட்டியது. காருக்கு வெளியே வந்து, மரம் மூடாத இடத்தில் போனைக் கூரையில் வைத்து மூன்று நிமிடம் விட்டுவிட்டுப் பார்த்தபோது எண் அசையாமல் நின்றது. அதைத்தான் அனுப்பினேன். 9.09 என்று ஒன்று, 80.56 என்று மற்றது, பின்னால் இன்னும் சில இலக்கங்கள். முதலாவது அகலக்கோடு, இரண்டாவது நெடுங்கோடு. வன்னியில் முதலாவது 8இலோ 9இலோ தொடங்கும், இரண்டாவது 80ஐ ஒட்டி வரும், அதனால் மாறிப்போனாலும் கண்டுபிடித்துவிடலாம். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கமாவது அனுப்புங்கள். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீற்றருக்கு மேலும் பிழை வரலாம், நான்கு இருந்தால் பத்துப் பதினொரு மீற்றருக்குள் வந்துவிடுவார்கள். இதற்கு இணையம் வேண்டாம், சாதாரண குறுஞ்செய்தி போதும். 1990 அம்புலன்சுக்கோ 119 பொலிசுக்கோ எடுக்கவேண்டி வந்தாலும் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள். இதை நான் 2.15க்கே அறிந்திருந்தால் மூன்று மணிக்குள் முள்ளியவளைக்குப் போயிருப்பேன் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு மணித்தியாலம் காட்டில் அநாதையாக இருந்திருக்க மாட்டேன்.

நடந்துபோய் யாரையாவது கூட்டிவரலாமா என்று கேட்டேன். தம்பி வேண்டாம் என்று கடுமையாகச் சொன்னான். பொழுதுபட்டால் யானை இறங்குகிற பக்கம், காருக்குள்ளேயே இருங்கோ, நாங்கள் வாறம். காரில் தண்ணீர் அரைப் போத்தல்தான் இருந்தது. போன் 20 வீதத்துக்கு இறங்க, திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, விமானப் பயணத்துக்கான அமைப்பில் போட்டு, கால் மணித்தியாலத்துக்கு ஒருதடவை மட்டும் திறந்தேன். ஆறே காலுக்கு உழவு இயந்திரச் சத்தம் கேட்டது. செத்தவீட்டு வேட்டியோடேயே தம்பி அதன் பின்னால் இழுக்கும் பெட்டியில் நின்றுகொண்டு வந்தான். தாய்க்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த பிள்ளை என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டியளா அக்கா?"

உழவு இயந்திரத்துக்கு 12,000 ரூபாய். உடைந்தது என்ஜினின் கீழ்ப்பக்க எண்ணெய்த் தொட்டி. அதோடு முன் பம்பர், காரை ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டுபோன கூலி எல்லாம் சேர்த்து 84,000. பத்து நாள் கார் இல்லாமல் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். ஒரு நல்ல காரியம், எண்ணெய் ஒழுகுவதைக் கண்டவுடன் என்ஜினை நிறுத்திவிட்டேன், அதற்குப் பிறகு ஒருதடவையும் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ஜினே போயிருக்கும் என்று மெக்கானிக் சொன்னார்.

அன்ரெனாவை அடுத்த கிழமையே முன்கண்ணாடிக்குக் கீழே மாற்றினேன். காருக்குள் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. போகிற இடத்தின் எண்கள், வழியில் வரும் சந்திகளின் பெயர்கள், அங்கே இருக்கிற ஒருவரின் தொலைபேசி எண், எல்லாம் பேனையால் எழுதியது. புறப்படும்போது எந்த வீதியால் வருகிறேன் என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறேன். பெரிய வீதியில் நின்றுவிட்டால் கிலோமீற்றர் கல்லைப் பார்த்துச் சொன்னாலே போதும், அதைவிடத் தெளிவான முகவரி இல்லை. புதுப் பாதை என்றால் முதல் தேத்தண்ணிக் கடையில் இறங்கிக் கேட்கிறேன். "இந்தப் பாதை எங்கை போகுது" என்று கேட்டால் ஊரின் பெயரைச் சொல்லி விட்டுவிடுவார்கள். "இண்டைக்குக் கார் போகுமோ" என்று கேட்கவேண்டும்.

ஆவணியில் தம்பியின் மகனோடு அந்த இடத்துக்குத் திரும்பப் போனோம், மோட்டார் சைக்கிளில், ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்ட. தாம்போதி காய்ந்து வெடித்துக் கிடந்தது, ஒரு மாடு அதன்மேல் படுத்திருந்தது. பலகை இருந்த பக்கம் நாங்கள் போகவில்லை. பிள்ளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்தக் கோட்டைக் காட்டுத் தடம் என்று மாற்றி, மாரியில் போக முடியாது என்று குறித்தான். அது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய படம். என்னை அங்கே அனுப்பிய செயலியிலும் பிழை என்று அறிவித்திருக்கிறேன், இதை எழுதும்வரை அந்தக் கோடு அப்படியேதான் இருக்கிறது. திரும்பி வரும்போது வீடுகள் தொடங்குகிற இடத்தில் சைக்கிள் ஐயாவைத் தேடினேன். அவர் மகளிடம் மன்னாருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

வருகிற கிழமை பெரியம்மாவின் ஆட்டைத் திவசம், ஒரு வருட நினைவு. காலை ஆறு மணிக்கே புறப்படுகிறேன், மாங்குளம் வழியாக. தம்பிக்குச் சொல்லியாயிற்று.